அச்சில் சாயம் ஊற்றும் முன்: திட்ட மேலாண்மை மென்பொருளில் ஒப்புதல் வரிசை அமைக்கும் முறை

ஆத்தங்குடி டைல்ஸ் சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வேலைப்பாட்டின் அச்சை இறக்கி, ஒவ்வொரு கண்ணறையிலும் அதற்குரிய சாயக் கலவையை ஊற்றி, அச்சை மெல்ல உருவிவிட்டு, அதன் மேல் மணலும் சிமெண்டும் கலந்த உலர்ந்த பொடியைத் தூவி, பிறகு ஈரச் சாந்தை நிரப்பி மட்டம் பிடிக்கிறார்கள். அப்புறம் அது சில நாட்கள் தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் காய்ந்து, கண்ணாடியின் வழவழப்பைத் தன் முகத்தில் வாங்கிக்கொண்ட கல்லாகிறது. சாயம் ஊற்றப்படும் வரை வீட்டுக்காரர் எத்தனை முறை வேண்டுமானாலும் மனம் மாறலாம். ஊற்றிய பிறகு மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை. திட்ட மேலாண்மை மென்பொருளில் ஒப்புதல் வரிசை அமைப்பதைப் பற்றி நான் சொல்லப்போவது முழுவதும் அந்த ஒரு கணத்தைச் சுற்றியதே: திரும்ப முடியாத இடம் எது, அதற்கு முன் யாரைக் கேட்க வேண்டும், கேட்டதற்குச் சான்று எங்கே இருக்கிறது.

காரைக்குடியில் பழைய வீடுகளைப் பழுதுபார்த்துத் தரும் ஒரு சிறிய அலுவலகத்தில் பணிகளை ஒருங்கிணைப்பது என் வேலை. எங்களிடம் வரும் வீடுகளில் பெரும்பாலானவை ஒருவருக்கு மட்டும் உரியவை அல்ல; வளவு என்னும் ஒரே உள்முற்றத்தைச் சுற்றிப் பல பங்காளிகளுக்கு அறைகள் இருக்கும், அவர்களில் சிலர் சென்னையிலும் சிலர் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டின் பட்டாலை என்னும் கூடத்தின் 600 சதுர அடித் தரைக்கு 12 அங்குலக் கல் 600 வார்க்கக் கொடுத்தோம். ஓரக்கரையின் நிறத்தைக் குடும்பத்தினர் இரண்டு முறை மாற்றியிருந்தார்கள். மூன்று வரைபடங்களும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் கிடந்தன. ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியது இரண்டாவது படத்துக்கா மூன்றாவது படத்துக்கா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. பட்டறைக்கு இரண்டாவது படம் போயிற்று. கல் வார்த்தவர் மேலும் தவறில்லை, குடும்பத்தினர் மேலும் தவறில்லை. தவறு முழுக்க எங்களுடையது. அந்தக் கற்களில் ஒரு பகுதி இன்னும் எங்கள் கிடங்கில் அடுக்கியபடி இருக்கிறது. அதற்குப் பிறகுதான், நாள்குறிப்பாக மட்டும் பயன்படுத்தி வந்த மென்பொருளில் ஒப்புதலை முறையாக அமைக்க உட்கார்ந்தோம்.

முதலில் தாளில்

மென்பொருளைத் திறப்பதற்கு முன் அரை நாளைத் தாளுக்கும் பென்சிலுக்கும் ஒதுக்குங்கள். வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை வரிசையாக எழுதிவிட்டு, எந்த இடத்தைத் தாண்டினால் திரும்பி வருவதற்குப் பணமோ பொருளோ நாட்களோ வீணாகும் என்று பார்த்து, அங்கே மட்டும் ஒரு குறுக்குக் கோடு போடுங்கள். அந்தக் கோடுகளே உங்கள் ஒப்புதல் நிலைகள். மற்ற இடங்களில் ஒப்புதல் கேட்பது மரியாதையாகத் தோன்றலாம். ஆனால் நாளுக்குப் பத்து முறை கேட்கப்படுகிறவர் பதினோராவது முறை படிக்காமலே பொத்தானை அழுத்துவார் என்பது என் அனுபவம். ஒப்புதல்களின் எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வொன்றின் மதிப்பும் குறைகிறது.

எங்கள் வேலையில் ஐந்து கோடுகள் விழுந்தன. அளவுப் படமும் மதிப்பீடும் முதலாவது. பழைய மரத்தை அறுப்பது இரண்டாவது. பர்மாத் தேக்கில் செய்த வாசல் நிலையையோ தூணையோ ஒருமுறை வெட்டிவிட்டால் அதே மரத்தை இன்று விலைகொடுத்தும் வாங்குவது அரிது. சுவருக்குள் புதையும் மின்குழாயும் தண்ணீர்க் குழாயும் மூன்றாவது. இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சு அடுக்கடுக்காக ஏறி, இறுதி அடுக்கில் முட்டை வெள்ளைக்கரு சேர்ந்து, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றப்படுவது. அதன் பின் ஒரு சுவிட்சுக்காகச் சுவரைக் கொத்தினால் ஒட்டுப்போட்ட இடம் ஆயுளுக்கும் தெரியும். தரைக்கல்லின் வடிவம் நான்காவது. பணம் கொடுத்தல் ஐந்தாவது.

தமிழக அரசு அலுவலகக் கோப்புகளைப் பார்த்தவர்களுக்கு ‘ஒப்புதலுக்கு’ என்றும் ‘பார்வைக்கு’ என்றும் தனித்தனியாக எழுதி அனுப்பும் வழக்கம் தெரிந்திருக்கும். மென்பொருளில் பலரும் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள். ஒருவர் ‘வேண்டாம்’ என்று சொன்னால் வேலை நிற்கும் என்றால் அவர் ஒப்புதல் தருபவர். அவர் சொன்னாலும் நிற்காது என்றால் அவருக்குச் செய்தி மட்டும் போனால் போதும். நாங்கள் எழுதிய முதல் தாளில் ஒரு கோட்டுக்கு ஏழு பேர் இருந்தார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டபின் இரண்டு பேர் மிஞ்சினார்கள், மற்ற ஐவரும் ‘பார்வையாளர்’ பட்டியலுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர்கூட வருத்தப்படவில்லை.

யார் முன்னால், யார் பின்னால்

ஒப்புதல் தருபவர் பலராக இருக்கும்போது மூன்று வகையாக அமைக்கலாம். ஒருவர் ஒப்பிய பிறகே அடுத்தவரிடம் போவது ஒன்று. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய் எல்லோரும் ஒப்ப வேண்டும் என்பது மற்றொன்று. எல்லோருக்கும் போனாலும் முதலில் பதில் தருபவரின் முடிவே போதும் என்பது மூன்றாவது. மைக்ரோசாஃப்டின் பவர் ஆட்டோமேட்டில் இந்த மூன்றும் ஆயத்தமாகவே தரப்பட்டுள்ளன. மற்ற மென்பொருள்களில் நிலைகளையும் விதிகளையும் கொண்டு நாமே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

எதைத் தேர்வது என்பதற்கு நான் கடைப்பிடிக்கும் விதி எளியது: தவறைக் கண்டுபிடிக்க மிகக் குறைந்த நேரம் பிடிப்பவர் முதலில் பார்க்க வேண்டும், மிக விலையுயர்ந்த கவனம் கடைசியில் வர வேண்டும். கல்லின் வரைபடத்தில் அளவு பிசகியிருந்தால் கொத்தனார் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். அதே பிசகை, சிங்கப்பூரில் அலுவலகம் முடிந்து இரவில் உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்காரர் கண்டுபிடிக்கும்படி விட்டால், அவருடைய ஒரு மாலையும் நமது பெயரும் போய்விடும். ஆகவே அளவுச் சரிபார்ப்பு முதலில், அழகு பற்றிய முடிவு பின்னால்.

பங்காளிகளின் விஷயத்தில் ‘எல்லோரும் ஒப்ப வேண்டும்’ என்ற அமைப்பு நியாயமானது போலத் தெரியும். சொத்துரிமையைத் தொடும் முடிவுகளுக்கு அதுவே சரியும்கூட. ஆனால் கதவுக் கைப்பிடி முதல் கழிப்பறைக் குழாய் வரை எட்டுப் பேர் ஒப்ப வேண்டும் என்று அமைத்தால் வேலை நகராது. பொது இடமான முகப்பு, பட்டாலை, வளவு ஆகியவற்றைத் தொடும் பணிகள் எல்லோரிடமும் போக வேண்டும், தனி அறையைத் தொடும் பணி அந்தப் புள்ளிக்கு, அதாவது அந்த அறைக்குரிய குடும்பத்துக்கு மட்டும் போக வேண்டும், அன்றாடத் தேர்வுகளுக்கு அவர்கள் தமக்குள் ஒருவரைப் பொறுப்பாளராக நியமித்துத் தர வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திருமணத்தில் இரு வீட்டாரும் ஒப்பமிட்டு இசைகுடிமானம் என்னும் திருமணப் பத்திரத்தை எழுதிக்கொள்ளும் மரபுள்ள ஊரில் இதைக் கேட்பதற்கு யாரும் கூச வேண்டியதில்லை. மென்பொருளில் இதற்கு வேண்டியது ஒரே ஒரு தேர்வுப் பட்டியல்: ‘பொது’, ‘தனி’, ‘அன்றாடம்’. பணியைப் பதிவு செய்பவர் இதைத் தேர்ந்தால்தான் பணி உருவாகும்படி அதைக் கட்டாயப் புலமாக்கிவிடுங்கள் (புலம் என்பது படிவத்தில் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம்). ஒப்புதல் யாரிடம் போக வேண்டும் என்பதை விதி பார்த்துக்கொள்ளும்.

நிலைகளும் கதவுகளும்

இனி மென்பொருள். எந்த நிறுவனத்தின் மென்பொருளானாலும் உள்ளே இருப்பவை இரண்டுதான்: பணி நிற்கக்கூடிய நிலைகள், ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் கதவுகள். புதிதாக அமைப்பவர்கள் நிலைகளுக்குப் பெயரும் நிறமும் கொடுப்பதிலேயே நேரத்தைச் செலவிட்டுவிட்டுக் கதவுகளைத் திறந்தபடி விட்டுவிடுகிறார்கள். ‘ஒப்புதல் பெற்றது’ என்ற பச்சை நிலையை யார் வேண்டுமானாலும் இழுத்து வைக்கலாம் என்றால் அது வெறும் வண்ணம்தான்.

ஐந்து நிலைகள் போதும்: வரைவு, ஒப்புதலுக்குச் சென்றது, திருத்தத்துக்குத் திரும்பியது, ஒப்புதல் பெற்றது, கைவிடப்பட்டது. திருத்தமும் மறுப்பும் வெவ்வேறு என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். ‘ஓரக்கரையை மட்டும் மாற்றுங்கள்’ என்பதும் ‘இந்த வடிவமே வேண்டாம்’ என்பதும் ஒரே பொத்தானில் அடங்கினால், வரைபவர் எதைச் செய்வது என்று தெரியாமல் தொலைபேசியை எடுப்பார். தொலைபேசியில் பேசி முடித்த எதுவும் பதிவாகாது.

கதவுகளில் முதன்மையானவை நான்கு. வரைவிலிருந்து ஒப்புதலுக்கு அனுப்பும் கதவை வரைபவர் திறக்கலாம், ஆனால் படக்கோப்பு இணைக்கப்படாமலும் அளவு, எண்ணிக்கை, தொகை ஆகிய புலங்கள் நிரப்பப்படாமலும் அது திறக்கக் கூடாது. ஒப்புதல் பெற்ற நிலைக்குப் போகும் கதவை ஒப்புதல் தருபவர் மட்டுமே திறக்கலாம். பணியை உருவாக்கியவரும் ஒப்புதல் தருபவரும் ஒரே ஆளாக இருந்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். திருத்தத்துக்குத் திருப்பும் கதவில் காரணம் எழுதுவது கட்டாயமாக இருக்க வேண்டும். நான்காவதுதான் பலரும் மறப்பது: ஒப்புதல் பெற்ற பணியை மீண்டும் திறக்கும் கதவு. அது ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டும், திறந்தவுடன் பணி நேராக வரைவுக்குத் திரும்ப வேண்டும், பழைய ஒப்புதல் செல்லாது என்ற செய்தி ஒப்பியவருக்குத் தானாகப் போக வேண்டும்.

ஜோஹோ புராஜெக்ட்ஸில் இதை அமைக்கும் பகுதிக்குப் புளூபிரிண்ட் என்று பெயர். அதில் நிலைகளை வரைந்து, அவற்றை இணைக்கும் ஒவ்வொரு கதவுக்கும் முன், நடுவில், பின் என்று மூன்று பகுதிகளில் விதி எழுதலாம். முன் என்பது கதவு யாருக்கு, எந்த நிபந்தனையில் தென்பட வேண்டும் என்பது. நடுவில் என்பது கடக்கும்போது எவற்றை நிரப்ப வேண்டும் என்பது. பின் என்பது கடந்தபின் தானாக நடக்க வேண்டியவை. நான் மேலே சொன்ன நான்கு கதவுகளும் இந்த மூன்று கட்டங்களுக்குள் இயல்பாகப் பொருந்துகின்றன.

ஜிராவில் இதே மூன்றும் கண்டிஷன், வேலிடேட்டர், போஸ்ட் ஃபங்ஷன் என்ற பெயர்களில் இருக்கின்றன. கண்டிஷன் பொருந்தாதவருக்குப் பொத்தானே தெரியாது; வேலிடேட்டர் பொருந்தாவிட்டால் பொத்தானை அழுத்தியபின் தடுக்கும். ஜிராவில் இரண்டு இடங்களில் எச்சரிக்கை தேவை. புதிய நிலையைச் சேர்க்கும்போது ‘எல்லா நிலைகளிலிருந்தும் இங்கே வரலாம்’ என்ற தேர்வு வரும். அதை ஒப்புதல் பெற்ற நிலைக்கு இட்டுவிட்டால், முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்ததாகும். மற்றொன்று, நிலைகளும் கதவுகளும் சேர்ந்த அமைப்பான ஒரே பணிப்போக்கைப் பல திட்டங்கள் பகிர்ந்துகொண்டிருக்கக்கூடும்; ஒரு வீட்டுக்காக மாற்றினால் மற்ற வீடுகளிலும் மாறிவிடும். எனவே ஒரு நகல் எடுத்து, நகலில் கைவையுங்கள்.

அசானாவில் ஒரு பணியை ஒப்புதல் வகையாகக் குறித்தால் ஒப்புதல், திருத்தம் கோருதல், மறுப்பு என்ற மூன்று பதில்கள் தோன்றும். பயன்படுத்த மிக எளிது, முதியவர்களும் ஒரே நாளில் பழகிவிடுகிறார்கள். ஆனால் அங்கே ஒரு பணிக்கு ஒரே ஒருவரைத்தான் பொறுப்பாக்க முடியும் என்பதால், இருவர் ஒப்ப வேண்டுமென்றால் இரண்டு துணைப் பணிகளை உருவாக்கி, முதன்மைப் பணி அவற்றுக்காகக் காத்திருப்பதாக இணைக்க வேண்டும். மேலும் அது பதிவேடு போன்றது, பூட்டு போன்றதன்று. திருத்தும் உரிமை உள்ளவர் பொறுப்பாளரையே மாற்றிவிடலாம். சிறிய, ஒருவரையொருவர் நம்பும் குழுவுக்கு அதுவே போதும். பெருந்தொகை புழங்கும் இடத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எதற்கு ஒப்புதல் தரப்பட்டது?

எங்கள் 600 கற்களும் வீணானது இந்தக் கேள்வியில்தான். ஒப்புதல் பணியின் மேல் அல்ல, குறிப்பிட்ட ஒரு கோப்பின் குறிப்பிட்ட ஒரு பதிப்பின் மேல் விழ வேண்டும். இதற்கு மென்பொருள் பாதி உதவும், மீதி நம் ஒழுங்கு.

கோப்பின் பெயரில் இடமும் பதிப்பு எண்ணும் இருக்கட்டும்: ‘பட்டாலை-தரை-பதிப்பு-3’ என்பது போல. ‘இறுதி’, ‘இறுதி-புதியது’ என்று பெயர் வைப்பதை அலுவலகத்தில் தடை செய்யுங்கள். ‘ஒப்புதலுக்குரிய பதிப்பு’ என்று தனியாக ஓர் எண் புலத்தை உருவாக்கி, ஒப்புதல் கேட்டுப் போகும் அறிவிப்பில் அந்த எண் தோன்றும்படி செய்யுங்கள். பணி ஒப்புதலுக்குச் சென்றபின் யாரேனும் புதிய கோப்பை இணைத்தாலோ தொகையை மாற்றினாலோ பணி தானாக வரைவுக்குத் திரும்ப வேண்டும் என்று ஒரு விதியை எழுதுங்கள். இணைப்பைக் கவனிக்கும் விதி உங்கள் மென்பொருளில் இல்லையென்றால், பதிப்பு எண் புலம் மாறுவதைக் கவனிக்கும் விதியாக அதை அமைக்கலாம். அப்படியும் முடியாதபோது, ஒப்புதல் நிலையில் இருக்கும் பணியைத் திருத்தும் உரிமையையே எடுத்துவிடுவது நல்லது.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். திரையில் தெரியும் பச்சையும் கல்லில் வரும் பச்சையும் ஒன்றல்ல. சாந்தின் ஈரம் இருக்கும்போது ஒரு நிறம், காய்ந்தபின் ஒரு நிறம். ஆகவே கணினி வரைபடத்தின் மேல் பெறும் ஒப்புதலை வடிவத்துக்கு மட்டும் உரியதாக வைத்துக்கொண்டு, நிறத்துக்கு ஒரே ஒரு மாதிரிக் கல்லை வார்த்து, காய்ந்தபின் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, கூடுமானால் கல்லையே அனுப்பி, இரண்டாவது ஒப்புதலைப் பெறுகிறோம். அந்த மாதிரிக் கல்லின் பின்புறத்தில் பணி எண்ணை எழுதி அலமாரியில் வைத்துவிடுகிறோம். மென்பொருளில் உள்ள பதிவும் அலமாரியில் உள்ள கல்லும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். இது கட்டடத் தொழிலுக்கு மட்டும் உரியதல்ல. துணி, அச்சு, உணவு என எதில் திரையும் பொருளும் வேறுபடுகின்றனவோ அங்கெல்லாம் ஒப்புதலை இப்படி இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கும்.

தொகை வரம்பு

பணம் சார்ந்த ஒப்புதலில் வரம்பு வைப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. எடுத்துக்காட்டாக, ரூ.10,000 வரை தளப் பொறுப்பாளர், ரூ.1,00,000 வரை எங்கள் அலுவலகம், அதற்கு மேல் வீட்டுக்காரர் என்று தொகைப் புலத்தைப் பார்த்து விதி பிரிக்கலாம். வரம்பை வைத்த மறு மாதமே ரூ.9,800, ரூ.9,500 என்ற பட்டியல்கள் வரத் தொடங்கும். யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை. சுண்ணாம்பை மூன்று நடையாக வாங்கினாலே பட்டியல் மூன்றாகிவிடுகிறது. எனவே விதி தனிப் பட்டியலின் தொகையை மட்டும் பார்க்காமல், அதே தலைப்பில் அதுவரை செலவான மொத்தத்தையும் மதிப்பீட்டையும் ஒப்பிட வேண்டும். மொத்தம் மதிப்பீட்டைத் தாண்டினால், பட்டியல் ரூ.500 ஆனாலும், மேலே போக வேண்டும். இந்தக் கூட்டலை மென்பொருளே செய்யாவிட்டால், கணக்கர் வாரம் ஒருமுறை நிரப்பும் ஒரு புலத்தை வைத்து அதை விதி பார்க்கும்படி செய்துகொள்ளலாம். அழகான ஏற்பாடல்ல, ஆனால் வேலை செய்கிறது.

பதில் வராதபோது

ஒப்புதல் வரிசைகள் பெரும்பாலும் மறுப்பினால் நிற்பதில்லை, மௌனத்தினால் நிற்கின்றன. இதற்கு மூன்று ஏற்பாடுகள் தேவை: கெடு, நினைவூட்டல், மாற்றாள்.

கெடுவை நாட்களில் சொல்லாமல் அடுத்த வேலையோடு கட்டிச் சொல்லுங்கள். ‘புதன்கிழமைக்குள் பதில் வேண்டும், வியாழக்கிழமை பூச்சு தொடங்குகிறது’ என்று எழுதிய அறிவிப்புக்கு வரும் விரைவு, ‘மூன்று நாளில் பதில் தரவும்’ என்பதற்கு வருவதில்லை. நினைவூட்டல் போகும் நேரத்தையும் கவனியுங்கள். சிங்கப்பூரும் கோலாலம்பூரும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பவை. காரைக்குடியில் மாலை 7 மணிக்குப் போகும் செய்தி அங்கே இரவு 9.30 மணிக்குச் சேரும். நாங்கள் அவற்றை மாலை 5 மணிக்கு மாற்றினோம்.

மாற்றாளைப் பற்றி நம் ஊருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. முதலாளி இங்கே இருக்க, ரங்கூனிலும் பினாங்கிலும் நடந்த வட்டிக்கடைகளைப் பவர் பத்திரத்தின் பேரில் ஏஜெண்டுகள் நடத்தினார்கள். ஏஜெண்டுக்குக் கீழே அடுத்தாள் என்று ஒருவர் இருந்தார். பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது. ஒப்புதல் தரும் ஒவ்வொருவரும் தமக்கு ஓர் அடுத்தாளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும், அவர் எந்தத் தொகை வரை, எந்த வகைப் பணிக்கு ஒப்பலாம் என்பதும் அதே குறிப்பில் இருக்க வேண்டும். கெடு முடிந்து ஒரு நாள் ஆனதும் பணி அவருக்குப் போகும்படி விதி அமைத்து, அப்போது முதலாமவருக்கும் அதைத் தெரிவித்துவிடுங்கள்.

‘பதில் வராவிட்டால் ஒப்புதல் தந்ததாகக் கொள்க’ என்ற விதியை மட்டும் அமைக்காதீர்கள். பல மென்பொருள்களில் அதை எழுதுவது மிக எளிது என்பதே அதன் ஆபத்து. திரும்ப முடியாத இடத்தில்தான் நாம் கோடு போட்டோம் என்றால், அந்தக் கோட்டை மௌனம் தாண்டிவிடக் கூடாது. பவர் ஆட்டோமேட்டைப் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: அதில் ஒரு ஓட்டம், அதாவது ஒருமுறை தொடங்கிய ஒப்புதல் வரிசை, 30 நாட்களுக்கு மேல் உயிரோடு இருக்காது. ஒரு மாதத்துக்கு மேல் பதிலின்றிக் கிடக்கும் கோரிக்கை அந்த ஓட்டத்தோடு காலாவதியாகும், நீங்களோ இன்னும் காத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். 25ஆம் நாளில் கோரிக்கையை முடித்துப் புதிதாக அனுப்பும்படி அமைத்துவிடுவது பாதுகாப்பானது.

திரையைத் தொடாதவர்களும் இருப்பார்கள். எங்கள் வீட்டுக்காரர்களில் ஓர் ஆச்சி எழுபதைத் தாண்டியவர். தரை, சுவர் பற்றிய அவருடைய நினைவு எங்கள் வரைபடங்களைவிடத் துல்லியமானது, ஆனால் கடவுச்சொல் என்றாலே அவருக்கு எரிச்சல். அவரிடம் தொலைபேசியில் கேட்டு, ‘வாய்மொழி ஒப்புதல்’ என்ற புலத்தில் தேதி, நேரம், கேட்டவர் பெயர், அவர் சொன்ன சொற்கள் ஆகியவற்றைப் பதிந்து, பதிப்பு எண்ணோடு அந்தப் படத்தின் அச்சுப் பிரதியில் அடுத்த முறை நேரில் பார்க்கும்போது கையெழுத்து வாங்கி, அதைப் படமெடுத்து இணைத்துவிடுகிறோம். கையெழுத்து வரும்வரை அந்தப் பணியில் மஞ்சள் குறி இருக்கும். பிள்ளையார் நோன்புக்கும் திருமணங்களுக்கும் குடும்பத்தினர் ஊருக்கு வரும் நாட்களை நாள்காட்டியில் முன்கூட்டியே குறித்துவைத்தால் இத்தகைய கையெழுத்துகள் பலவற்றை ஒரே காலையில் முடித்துவிடலாம்.

ஓடவிட்டுப் பார்த்தல்

அமைத்த அன்றே உண்மையான வேலையில் பயன்படுத்தத் தொடங்காதீர்கள். ‘சோதனை வீடு’ என்று ஒரு திட்டத்தை உருவாக்கி, ஒரு பணியை ஒழுங்காக ஓட்டிப் பாருங்கள். பிறகு ஒழுங்கின்றி ஓட்டிப் பாருங்கள். படம் இணைக்காமல் அனுப்பிப் பாருங்கள், வரைபவரின் கணக்கில் நுழைந்து ஒப்புதல் பொத்தான் தெரிகிறதா என்று பாருங்கள், ஒப்புதலுக்குப் போன பிறகு தொகையை மாற்றிப் பாருங்கள், ஒப்புதல் தருபவரை விடுப்பில் வைத்துப் பாருங்கள். நிர்வாகியின் கணக்கில் சோதிப்பது சோதனையே அல்ல, ஏனெனில் நிர்வாகிக்குப் பல இடங்களில் மற்றவர்களுக்கு இல்லாத உரிமைகள் இருக்கும். வெளியாள் ஒருவர் ஒப்புதல் தருவதற்குக் கட்டணக் கணக்கு தேவையா, விருந்தினர் கணக்கே போதுமா என்பதையும் வாங்குவதற்கு முன்பே, உண்மையான ஒரு வெளி மின்னஞ்சலைக் கொண்டு சோதித்துவிடுங்கள். எட்டுப் பங்காளிகளுக்கு எட்டுக் கட்டணம் என்று பின்னால் தெரிய வந்தால் மதிப்பீடே மாறிவிடும்.

இரண்டு மாதம் ஓடியபின் பதிவுகளை எடுத்து, ஒவ்வொரு கோட்டிலும் பணிகள் எத்தனை நாள் நின்றன, எத்தனை திரும்பி வந்தன என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கோட்டிலிருந்து ஒரு பணிகூடத் திரும்பி வரவில்லை என்றால் அங்கே யாரும் படிப்பதில்லை, அல்லது அங்கே கோடே தேவையில்லை. எங்களுக்கு மதிப்பீட்டின் இரண்டாம் கட்ட ஒப்புதல் அப்படிப்பட்டதாக இருந்தது, எடுத்துவிட்டோம். மாறாக, சுவருக்குள் புதையும் குழாய்களின் ஒப்புதலில் பாதிக்கு மேல் திரும்பி வந்தன. அதனால் அங்கே கூடுதலாக ஒரு கட்டாயப் புலத்தைச் சேர்த்தோம்: பூச்சு ஏறுவதற்கு முன், அளவு நாடாவைச் சுவரில் பிடித்து எடுத்த ஒரு படம்.

வேலை முடிந்து சாவியைத் திருப்பித் தரும் நாளில், ஒப்புதல் வரலாறு முழுவதையும் பிடிஎஃப் கோப்பாக இறக்கி, அச்சிட்டு, வீட்டுப் பத்திரங்களோடு வைக்கும்படி குடும்பத்தாரிடம் கொடுக்கிறோம். மென்பொருளுக்குச் சந்தா கட்டுவதை நாங்கள் என்றைக்காவது நிறுத்தக்கூடும். அந்தச் சுவரில் ஆணி அடிக்கப் போகும் ஆளுக்கோ, எந்த இடத்தில் குழாய் ஓடுகிறது என்பது அன்றைக்கும் தெரிய வேண்டும்.